செபாங்கில் ஓட்ட ஆசையா? முதலில் செட்டிபாளையம் போய்விட்டு வாருங்கள்

கேள்வி: "அண்ணா, எனக்கு மதுரை திருப்பாலை. ஒன்பது வருடமாக பைக் ஓட்டுகிறேன், இப்போது வைத்திருப்பது யமஹா ஆர்15. அக்டோபரில் மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன், பத்து நாள் தங்குவேன். அங்கே செபாங் ரேஸ் டிராக்கில் ஒரு நாளாவது ஓட்டிவிட வேண்டும். வெளிநாட்டுக்காரனை விடுவார்களா? 1000 சிசி பைக் வாடகைக்குக் கிடைத்தால் அதையே எடுக்கலாமா? இங்கிருந்து என்னவெல்லாம் தயார் செய்துகொண்டு போக வேண்டும்?"

தம்பி, தாராளமாக ஓட்டலாம். ரேஸ் இல்லாத நாட்களில் செபாங்கில் டிராக் டே நடக்கும். ஏற்பாட்டாளர் ஒருவர் அன்றைக்கு டிராக்கை வாடகைக்குப் பிடித்து, பணம் கட்டி வருகிறவர்களை அனுபவத்தைப் பொறுத்து குரூப்பாகப் பிரித்து ஓட்ட விடுவார். 15, 20 நிமிடம் ஒரு செஷன். ஒரு குரூப் ஓட்டும்போது மற்றவர்கள் ஓய்வு. ரேஸ் லைசென்ஸ் வேண்டாம். பாஸ்போர்ட், பைக் லைசென்ஸ், உங்கள் பொறுப்பில்தான் ஓட்டுகிறீர்கள் என்று கையெழுத்துப் போட்ட ஒரு படிவம், இவை போதும். தேதியை மட்டும் முதலில் பாருங்கள். உலக பைக் பந்தயமான மோட்டோஜிபியின் மலேசியச் சுற்று பெரும்பாலும் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வரும். அதை ஒட்டிய நாட்களில் டிராக் வெளியாட்களுக்குக் கிடைக்காது. விமான டிக்கெட் போடுவதற்கு முன் டிராக் டே தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. புதூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக டிராக்கில் ஓட்டுகிறேன். கோவை, சென்னை டிராக்குகளில் பலமுறை, செபாங்கில் மூன்று முறை, தாய்லாந்து புரிராமில் ஒரு முறை. ஒருமுறை செபாங்கில் விழுந்தும் இருக்கிறேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

1000 சிசி வேண்டாம். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். உங்கள் ஆர்15 சுமார் 140 கிலோ, 18 குதிரைத்திறன். லிட்டர் பைக், அதாவது 1000 சிசி, சுமார் 200 கிலோ, 200 குதிரைத்திறன். எடை ஒன்றரை மடங்குகூட இல்லை, சக்தி பத்து மடங்குக்கு மேல். செபாங்கின் பிரதான நேர்தடம் ஏறக்குறைய 900 மீட்டர். லிட்டர் பைக்கில் த்ராட்டிலைத் தயங்காமல் திறந்தால் அதற்குள் 250 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிடும். முதல் வளைவோ கியரைச் சரசரவென்று இறக்கி வர வேண்டிய இறுக்கமான வலது திருப்பம். 250-ல் வினாடிக்கு 69 மீட்டர் போகிறீர்கள். பிரேக் போடுவதா வேண்டாமா என்று அரை வினாடி யோசித்தாலே 35 மீட்டர் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. முதல் நாள் ஓட்டுகிறவருக்கு நாள் முழுக்க அந்த பைக்கை நிறுத்துவதிலேயே கவனம் போய்விடும், வளைவு எதுவும் மனதில் பதியாது.

250 முதல் 400 சிசிக்குள் ஒன்றைக் கேளுங்கள். சின்ன பைக்கில்தான் வளைவை வேகமாகக் கடக்கக் கற்றுக்கொள்வீர்கள், ஏனென்றால் வளைவில் விட்ட வேகத்தை நேர்தடத்தில் எடுத்துக்கொள்ள அதில் சக்தி இருக்காது. இங்கே ஒன்று சொல்ல ஆசை. 1911-ல் நம் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ்ஸின் அப்பாச்சி ஆர்ஆர் 310-ஐ வைத்து 2022 முதல் ஆசிய அளவில் ஒரு ரேஸ் வரிசையே நடக்கிறது. அந்த 310 சிசி பைக்குகள் செபாங்கிலும் ஓடியிருக்கின்றன. நம்மூரில் வேர்விட்ட கம்பெனியின் பைக்கில் பல நாட்டுப் பையன்கள் அந்த டிராக்கில் மோதுகிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் பெருமை. அவர்களுக்கே 310 போதுமென்றால் நமக்குத் தாராளம்.

வளைவில் என்ன நடக்கிறது என்பதை ஒரு கணக்காகச் சொல்கிறேன், இது மனதில் இருந்தால் பாதி பயம் போகும், தேவையான பயம் வரும். 50 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 60 கி.மீ. வேகத்தில் எடுத்தால் பைக் சுமார் 30 டிகிரி சாய வேண்டும். 80-ல் 45 டிகிரி. 90-ல் 52 டிகிரி. முதல் 20 கி.மீ. கூடியதற்கு 15 டிகிரி, அடுத்த 10 கி.மீ. கூடியதற்கே இன்னொரு 7 டிகிரி. 45 டிகிரியில் டயர் பக்கவாட்டில் தாங்கும் விசை, பைக்கும் நீங்களும் சேர்ந்த எடைக்குச் சமம். சாதாரண ரோடு டயரில் அதற்கு மேல் மிச்சம் அதிகம் இருக்காது. ஆகவே வளைவுக்குள் "இன்னும் கொஞ்சம்தானே" என்று கூட்டும் 10 கி.மீ. கொஞ்சம் இல்லை. உடம்பை உள்பக்கம் இறக்கி உட்காருவது எதற்கு என்றால், அதே வேகத்தில் பைக் கொஞ்சம் குறைவாகச் சாய்ந்தால் போதும் என்பதற்காக. முழங்கால் தரையில் உரச வேண்டும் என்பதற்காக இல்லை. முதல் நாளிலேயே முழங்காலைத் தரையில் வைக்க ஆசைப்பட்டவர்கள்தான் நான் பார்த்தவரை அதிகம் விழுந்தவர்கள்.

சரி, இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. உங்கள் வாழ்க்கையின் முதல் டிராக் செபாங்காக இருக்கக் கூடாது. தெரியாத ஊர், தெரியாத பைக், தெரியாத டிராக், புது சூட், எல்லாமே ஒரே நாளில் புதிதாக வந்தால் மூளை எதைப் பிடித்துக்கொள்ளும்? ரோட்டில் ஒன்பது வருடம் ஓட்டியது நல்லதுதான். ஆனால் ரோட்டில் நாம் கற்றுக்கொள்வது எதிரே வருவதைக் கவனிப்பது: மாடு, ஷேர் ஆட்டோ, திடீரென்று திரும்பும் டவுன் பஸ். டிராக்கில் எதிரே எதுவும் வராது. அங்கே பிரேக் எங்கே போடுவது, எங்கே திருப்புவது, எங்கே த்ராட்டில் திறப்பது என்ற மூன்றையும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் செய்யப் பழக வேண்டும்.

நமக்குப் பக்கத்தில் கோவை செட்டிபாளையம். கோவை ரேஸர் கரிவரதன் பெயரில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. 2 கி.மீ. சொச்சம்தான் நீளம், நேர்தடங்கள் சின்னவை, ஆரம்பிக்கிறவருக்கு அருமையான இடம். சென்னைப் பக்கம் என்றால் இருங்காட்டுக்கோட்டை, 3.7 கி.மீ., 12 வளைவு, செபாங்குக்கு முன் ஓட்டிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான டிராக் நம் மாநிலத்தில் இல்லை. இரண்டு இடத்திலும் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. அமெரிக்காவில் கீத் கோட் 1980-ல் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலே சென்னை டிராக்கில் வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பருக்குள் ஒரு வகுப்பு, ஒரு டிராக் டே, இரண்டையும் உங்கள் சொந்த ஆர்15-லேயே முடித்துவிடுங்கள்.

சென்னையில் என் முதல் நாளை மறக்க முடியாது. இரண்டாவது செஷன். எனக்கு முன்னால் போனவர் ஒரு வளைவில் வெளிப்பக்கமாக விலகிப் போய் மண்ணில் இறங்கினார். நான் அவரையே பார்த்தேன். என் பைக்கும் அவர் பின்னாலேயே மண்ணுக்குள் இறங்கிவிட்டது. வளைவை எடுக்க எனக்கு இடமும் இருந்தது, வேகமும் சரியாகத்தான் இருந்தது. கண் போன இடத்துக்குப் பைக் போயிற்று, அவ்வளவுதான். அன்று மாலை பயிற்சியாளர் என்னை பிட், அதாவது பைக்குகள் வந்து நிற்கும் இடத்தின் சுவருக்கு அருகில் நிற்க வைத்து, தாடையைப் பிடித்துத் திருப்பி, "வளைவுக்குள் நுழையும்போது கண் வளைவின் உள்விளிம்பில், உள்விளிம்பைத் தொடும்போது கண் வெளியேறும் இடத்தில்" என்று சொன்னார். பன்னிரண்டு வருடத்தில் இதைவிடப் பயனுள்ள ஒன்றை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இந்தக் கண் பழக்கத்தை இங்கேயே, மெதுவான வேகத்தில் பழகலாம். திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவு. காலை ஆறு, ஆறரைக்குள் போய், 25, 30 வேகத்துக்கு மேல் போகாமல், உங்கள் பக்கத்துக்குள்ளேயே நின்று, ஒவ்வொரு வளைவிலும் தாடையைத் திருப்பி வெளியேறும் இடத்தைப் பார்த்துப் பழகுங்கள். வேகமே தேவையில்லை. ஆனால் நத்தம் மேம்பாலத்தில் "டிராக்குக்குப் பயிற்சி" என்று கிளம்பிவிடாதீர்கள். 7 கி.மீ.க்கு மேல் நேராகக் கிடக்கிறது என்று இரவில் பையன்கள் அங்கே முறுக்குகிறார்கள். திருப்பாலைக்காரரான உங்களுக்கு அந்தச் சத்தம் வீட்டுக்கே கேட்கும். அங்கே ஓட்டுவதால் டிராக்குக்குத் தேவையான எதையும் கற்க முடியாது. பக்கச்சுவர் இருக்கிறது, சறுக்கிப் போய் நிற்க மண் இல்லை, கொடி காட்ட மார்ஷல் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. அடிபட்ட பைக்குகள் என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகின்றன. சிலவற்றை வாங்கிப் போக ஓட்டியவர் வருவதில்லை, அப்பா வருகிறார்.

உடைக்கு வருவோம். முழு லெதர் சூட். ஒரே துண்டாக இருந்தால் நல்லது, இரண்டு துண்டென்றால் இடுப்பைச் சுற்றி ஜிப் சேர வேண்டும். கணுக்காலுக்கு மேல் வரும் பூட், மணிக்கட்டை மூடும் கிளவுஸ், முதுகுக்குப் பாதுகாப்புத் தகடு. ஹெல்மெட் முழுமுகம், தாடைக்குக் கீழே இரட்டை வளையத்தில் நாடா கோத்து இறுக்குவது. ஈசிஇ 22.06 என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருந்தால் எங்கும் ஏற்றுக்கொள்வார்கள். சூட்டும் பூட்டும் அங்கே வாடகைக்குக் கிடைக்கலாம், ஆனால் ஹெல்மெட், கிளவுஸ் இரண்டும் உங்களுடையதாக இருக்கட்டும். வாடகை சூட் தொளதொளவென்று இருந்தால் விழும்போது முழங்கைத் தகடு முழங்கையில் இருக்காது, சுழன்று உள்பக்கம் போயிருக்கும். சூட் போட்டு நின்றால் கொஞ்சம் கூனத்தான் வேண்டும், பைக்கில் உட்கார்ந்ததும்தான் சரியாகப் பொருந்த வேண்டும். ஹெல்மெட்டைக் கையில் கொண்டுபோங்கள், லக்கேஜில் போடாதீர்கள். ஏர்பேக் ஜாக்கெட் வைத்திருந்தால் அதன் வாயு குப்பிக்கு விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

செபாங்கில் அன்றைய நாள் எப்படி இருக்கும்? காலையில் சீக்கிரமே போக வேண்டும். பைக்கைச் சோதிப்பார்கள்: டயர், செயின், பிரேக், ஆயில் கசிவு. கண்ணாடியைக் கழற்றச் சொல்வார்கள் அல்லது டேப் ஒட்டுவார்கள். லைட்டுக்கும் டேப், உடைந்தால் கண்ணாடித் துண்டு டிராக்கில் சிதறக் கூடாது என்பதற்காக. பல இடங்களில் ரேடியேட்டரில் கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள், கூலன்ட் கொட்டினால் தரை வழுக்கும். வாடகை பைக் என்றால் இதெல்லாம் அவர்களே செய்திருப்பார்கள், ஆனாலும் முன் பிரேக் லீவரின் தூரத்தை உங்கள் விரலுக்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்புறம் விளக்கக் கூட்டம். தூக்கம் வந்தாலும் முதல் வரிசையில் உட்காருங்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தரை வழுக்குகிறது. சிவப்பு என்றால் செஷன் நின்றுவிட்டது, கையைத் தூக்கி, மெதுவாக பிட்டுக்குத் திரும்ப வேண்டும். சிவப்பைப் பார்த்ததும் சடாரென்று பிரேக் போட்டால் பின்னால் வருகிறவர் உங்கள் மேல் ஏறுவார். கறுப்புக் கொடியை உங்களுக்குக் காட்டினால் உங்களை உள்ளே கூப்பிடுகிறார்கள், பைக்கில் ஏதோ கோளாறு அல்லது நீங்கள் ஏதோ தவறு செய்திருக்கிறீர்கள். முந்துகிறவருக்குத்தான் பொறுப்பு. பின்னால் யார் வருகிறார் என்று திரும்பிப் பார்க்காதீர்கள், உங்கள் பாதையில் ஒரே சீராகப் போங்கள், அவர் பார்த்துக்கொள்வார். எந்த குரூப் என்று கேட்டால் தயங்காமல் ஆரம்பநிலை என்று சொல்லுங்கள். வேகமான குரூப்பில் சேர்ந்தால் பின்னால் வருகிற சத்தத்துக்கே பாதி கவனம் போய்விடும்.

இனி டிராக். 1999-ல் திறந்தது, ஜெர்மன்காரர் ஹெர்மன் டில்க வடிவமைத்தது, 5.543 கி.மீ., 15 வளைவு. மோட்டோஜிபி ஓட்டுநர்கள் 2 நிமிடத்துக்குள் சுற்றிவிடுவார்கள். நீங்கள் மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தாலும் கவலைப்படாதீர்கள். அகலமான டிராக், அதுதான் ஏமாற்றும். அகலமாக இருப்பதால் 120-ல் போவது 70 மாதிரித் தெரியும். வேகத்தைக் கண்ணால் கணிக்காமல், ஓரத்தில் வைத்திருக்கும் தூரப் பலகைகளை வைத்துப் பிரேக் போடுங்கள். முதல் செஷனில் எல்லோரும் போடும் இடத்துக்கு வெகு முன்னாலேயே போட்டு, செஷனுக்குச் செஷன் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள்.

முதல் வளைவு வலதுபக்கம் சுருண்டுகொண்டே போய், உடனே இடதுபக்கம் இரண்டாவது வளைவாகத் திரும்பும். முதலாவதை வேகமாக எடுத்தால் இரண்டாவது கெட்டுவிடும், பொறுமையாக நுழையுங்கள். 14-வது வளைவு சிக்கலானது, சாய்ந்துகொண்டே வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். அதை ஒழுங்காக முடித்தால்தான் பின் நேர்தடம் முழுவதும் கிடைக்கும். அதன் கடைசியில் 15-வது, இடதுபக்கம் கொண்டை ஊசி, அதைத் தாண்டினால் பிரதான நேர்தடம். 11-வது வளைவைக் கடக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் ஒரு நொடி நிற்கும். இத்தாலி வீரர் மார்கோ சிமோன்செல்லி 2011 அக்டோபர் 23-ல் அங்கேதான் உயிரிழந்தார். அவருக்கு வயது 24.

நான் விழுந்தது 9-வது வளைவில். மெதுவான, மேடேறும் இடதுபக்கக் கொண்டை ஊசி. இந்த டிராக்கில் வலது வளைவு 10, இடது 5-தான். 5-வது வளைவு இடது. அதற்கப்புறம் 6, 7, 8 மூன்றும் வலது. அதாவது 9-வதை அடைவதற்குள் டயரின் இடதுபக்க விளிம்பு தரையைத் தொடாமலே வெகுதூரம் வந்து ஆறியிருக்கும். மதிய இடைவேளை முடிந்து முதல் செஷன், இரண்டாவது சுற்று. காலையில் எடுத்த அதே சாய்வில் போட்டேன். முன்சக்கரம் கைக்குள் மடங்குவது தெரிந்தது, அடுத்து நான் தரையில் உட்கார்ந்த வாக்கில் சறுக்கிக்கொண்டிருந்தேன், பைக் எனக்கு முன்னால் பொறி பறக்கப் போய்க்கொண்டிருந்தது. சூட்டின் இடுப்புப் பக்கம் தேய்ந்து வெளுத்திருந்தது. எனக்கு மணிக்கட்டில் சுளுக்கு மட்டும். ஆகவே, எந்த இடைவேளைக்குப் பின்னும் முதல் இரண்டு சுற்று டயருக்கு என்று வைத்துவிடுங்கள். செஷன் முடிந்து வந்ததும் டயரை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள், இரண்டு விளிம்பின் சூடும் ஒன்றாக இருக்காது. காற்றழுத்தமும் சூடானால் 4, 5 பிஎஸ்ஐ ஏறும். அதனால்தான் டிராக்கில் ரோட்டில் வைப்பதைவிடக் குறைத்து வைக்கிறார்கள். எவ்வளவு என்பதை அந்த பைக்கைத் தருகிறவரிடம் கேளுங்கள், டயருக்கு டயர் மாறும்.

அந்த விழுதலில் உடம்பைவிடப் பணத்துக்குத்தான் அடி பலம். இடதுபக்க ஹேண்டில், கிளட்ச் லீவர், ஃபுட்ரெஸ்ட், பக்கத்து ஃபேரிங் (பைக்கின் பிளாஸ்டிக் மூடி), எல்லாம் டெபாசிட்டில் கழிந்தது, அதற்கு மேலும் கட்டினேன். இங்கிருந்து எடுத்துப் போன பயணக் காப்பீட்டில் எக்ஸ்ரே செலவைக் கேட்டேன். மோட்டார் பந்தயம், வேகப் போட்டி போன்றவற்றுக்குப் பொருந்தாது என்று ஒரு வரியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். நான் ரேஸ் ஓட்டவில்லை, பயிற்சிதான் என்று எழுதியும் பயனில்லை. அந்த வரியைப் படிக்காமல் பாலிசி வாங்கியது என் தவறு. நீங்கள் வாங்கும் முன் "ரேஸ் டிராக்கில் போட்டியில்லாமல் பைக் ஓட்டினால் பொருந்துமா" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பொருந்தாது என்றால் அன்றைக்கு மட்டும் விபத்துக் காப்பீடு உண்டா என்று டிராக் டே நடத்துகிறவரிடம் கேளுங்கள். வாடகை பைக்குக்கு டெபாசிட் எவ்வளவு, விழுந்தால் அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும், உதிரிபாக விலைப்பட்டியல் உண்டா, மூன்றையும் முன்பணம் அனுப்பும் முன்பே கேளுங்கள். பட்டியல் தர மறுக்கிறவரிடம் பைக் எடுக்காதீர்கள். டெபாசிட்டைக் கார்டில் பிடிப்பார்கள், வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கேயே திறந்துவிட்டுப் போங்கள்.

நம் வெயிலுக்குப் பழகியவர்கள், செபாங் வெயில் என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நம்முடையது வறண்ட வெயில், வியர்வை காய்ந்து உடம்பு குளிரும். அங்கே ஈரப்பதத்தில் வியர்வை காயாது, லெதருக்குள் வழிந்துகொண்டே இருக்கும். மூன்றாவது செஷனில் கை பிரேக் லீவரைத் தாமதமாக இழுக்க ஆரம்பிக்கும். ஓட்டுகிறவருக்கே அது தெரியாது. ஒவ்வொரு செஷனுக்கும் பின் சூட்டை இடுப்பு வரை இறக்கி, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் குடியுங்கள். அக்டோபரில் மதியத்துக்கு மேல் இடியுடன் மழை கொட்டுவது அங்கே சகஜம். அதனால் காலை செஷன்களை நம்புங்கள், மழை பிடித்தால் அன்றைக்குப் போதும் என்று உட்கார்ந்துவிடுங்கள். கட்டிய பணத்துக்காக ஈரத்தில் இறங்காதீர்கள்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. செபாங் டிராக் அந்த விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே. கிள்ளானிலிருந்தும் தூரமில்லை, ஆனால் அதிகாலையில் கிளம்ப வேண்டியிருப்பதால் முந்தைய இரவு விமான நிலையம் பக்கம் தங்கிவிடலாம். அங்கே ரோட்டிலும் பைக் ஓட்டுவதாக இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரம் ஆர்டிஓவில் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வருடம் செல்லும்.

வேறு வெளிநாட்டு டிராக் என்று யோசித்தால், தாய்லாந்து புரிராம் 4.554 கி.மீ., 2014-ல் திறந்தது, அருமையான டிராக், ஆனால் பாங்காக்கிலிருந்து வெகுதூரம். ஜெர்மனியில் பொதுமக்கள் காசு கட்டி ஓட்டுகிற 20.8 கி.மீ. நூர்பர்க்ரிங்கைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். அந்தப் பொது ஓட்டத்தில் 2025 முதல் பைக்குகளை விடுவதில்லை.

டிராக் டேயைப் பயணத்தின் நடுவில் வையுங்கள். முதல் நாளில் தூக்கம் போதாது. கடைசி நாளில் வைத்தால் முன்கையும் தொடையும் வலிக்க வலிக்க விமானத்தில் உட்கார வேண்டும், ஏதாவது அடிபட்டால் டாக்டரைப் பார்க்கவும் நேரமிருக்காது. அக்காவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், மறைத்துவிட்டுப் போகாதீர்கள். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் என்று படிவத்தில் அவர் எண்ணைத்தான் எழுதப் போகிறீர்கள்.

சூட் புதிதாக வாங்க அவசரப்பட வேண்டாம். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் புதூர் பக்கம் வாருங்கள், போட்டுப் பார்க்கலாம். அளவு சரியாக இருந்தால் செட்டிபாளையத்துக்கு அதையே எடுத்துப் போங்கள். வரும்போது ஆர்15-ஐயும் கொண்டுவாருங்கள், முன் பிரேக் பேடைக் கழற்றிப் பார்த்துவிடுவோம்.